கயிறு எண்ணான கதை

கவலை என்ற சொல்லுக்குக் கொங்குநாட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் ஏற்பாடு. மதுரைப் பக்கம் அதைக் கமலை என்பார்கள். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் கவலைதான். "கவலை ஓட்டப் போயிருக்கறாருங்க" என்று ஒரு வீட்டில் சொன்னால், அங்கே துக்கம் எதுவும் இல்லை, தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கட்டுரை கிணற்றைப் பற்றியது அல்ல. நாடக மேடையில் திரையையும் செட்டையும் சில சமயம் ஆளையுமே மேலே தூக்கி இறக்குகிற ஹாய்ஸ்ட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஹாய்ஸ்ட்டுக்கு மென்பொருளுக்குள் ஒரு மாதிரி செய்து வைப்பது பற்றியது. இன்றைய பெரிய அரங்குகளில் ஒரு வின்ச் சுவரில் மாட்டப்படும் முன்பே அதன் பிரதி கணினிக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. இயக்குநர் திரையைப் பார்த்து, "இவர் இங்கேயிருந்து அங்கே பறக்கட்டும்" என்கிறார். திரையில் ஒரு பொம்மை பறக்கிறது. அந்தப் பொம்மைக்குப் பின்னால் இருப்பது சில எண்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எண்ணாக மாறும்போது எதெல்லாம் விடுபட்டது என்று தேடிப் போனால், நான் வசிக்கிற கணபதியும் அதைச் சுற்றியிருந்த தோட்டத்துக் கிணறுகளும் வழியில் வருகின்றன. அதனால்தான் கவலையிலிருந்து தொடங்குகிறேன்.

நுகத்தில் கட்டிய நிரல்

பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், திப்பு சுல்தான் வீழ்ந்த அடுத்த வருடம், 1800-ல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாட்டையும் கோயம்புத்தூர்ப் பகுதியையும் சுற்றி வந்தார். 1807-ல் லண்டனில் மூன்று பாகமாக வெளிவந்த அவருடைய பயண நூலில் பயிர், வரி, கிணறு எல்லாம் வருகிறது. மாடு இழுக்கும் இறைப்புக் கருவியை அவர் கபிலி என்று எழுதுகிறார். மழை குறைந்த, ஆறு எட்டாத மேட்டு நிலத்தில் கிணறுதான் விவசாயம். கிணறு என்றால் கவலை.

அதன் அமைப்பு இதுதான். கிணற்று மேட்டில் இரண்டு தூண். தூண்களுக்கு நடுவே, தலைக்கு மேலே, ஒரு கப்பி. கீழே, தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பில், ஓர் உருளை. தண்ணீர் அள்ளுவது சால். அதன் அடிப்பக்கத்தில் தோலால் ஆன நீண்ட வால், யானைத் துதிக்கை மாதிரி. சாலின் வாயைத் தாங்குவது தடித்த வடம். அது மேல் கப்பி வழியாகப் போகும். தோல்வாலின் நுனியைப் பிடிப்பது மெல்லிய வால்கயிறு. அது கீழ் உருளை வழியாகப் போகும். இரண்டு கயிறும் போய்ச் சேர்வது ஒரே இடம்: மாட்டின் நுகம்.

மாடுகள் வாரி என்று சொல்லப்படும் சரிவில் இறங்கும்போது இரண்டு கயிறும் ஒரே அளவு இழுபடும். கிணற்றுக்குள் சால் ஏறும்போது தோல்வாலின் நுனியும் கூடவே ஏறும், மடங்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கியபடி. அதனால் ஒழுகாது. விளிம்புக்கு வந்ததும் வாலின் நுனி கீழ் உருளையைத் தாண்டித் தொட்டிப் பக்கம் படுத்துவிடும். சால் இன்னும் மேல் கப்பியை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். வால் நீண்டு, தண்ணீர் முழுக்கத் தொட்டியில் கொட்டும். மேலே நின்று சாலைக் கவிழ்க்க ஓர் ஆள் வேண்டியதில்லை.

இதை ஒரு மென்பொருள்காரனின் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். இரண்டு கயிறு, ஒரே இழுவை. எப்போது கொட்ட வேண்டும் என்ற முடிவு எங்கே இருக்கிறது? மாட்டிடம் இல்லை. ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் எடுப்பதும் இல்லை. அது இரண்டு கயிற்றின் நீள வித்தியாசத்திலும், கப்பிக்கும் உருளைக்கும் இடையிலுள்ள உயரத்திலும் இருக்கிறது. வால்கயிறு கொஞ்சம் நீளமாகிப்போனால் வால் தொங்கித் தண்ணீர் கிணற்றிலேயே ஒழுகும். குறைந்துபோனால், சால் மேலே வருவதற்குள் வால் விறைத்துப் பிடித்து இழுக்கும். முதல் நாள் கயிறு கட்டும்போதே அன்றைக்கு முழுவதும் நடக்கப்போவதை எழுதி வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நிரல் எழுதாத விஷயங்கள் இருந்தன. மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் உடம்பின் எடையும் இழுப்போடு சேரும். திரும்பவும் மாட்டைப் பின்னோக்கி ஏற்றும்போது வடம் தொய்ந்து சிக்காமல் பார்த்துக்கொள்வார். கப்பி போடும் சத்தத்தில் எண்ணெய் இல்லையா, அச்சு தேய்ந்ததா என்று தெரியும். நனைந்த கயிறும் காய்ந்த கயிறும் ஒரே நீளம் கிடையாது. அதுவும் அவர் கைக்குத் தெரியும்.

அந்தக் கை யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொங்குநாட்டில் பெரிய தோட்டங்களில் கவலை ஓட்டியவர்களில் பெரும்பகுதி பண்ணையாட்களாக இருந்த அருந்ததியர்கள். தோல் வாலைத் தைத்ததும், கிழிந்தால் ஒட்டுப் போட்டதும் அவர்கள்தான். கருவியின் மிக நுட்பமான பகுதி அந்தத் தோல்தான். அதைச் செய்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் பட்டயத்திலும் இல்லை.

தேவர்கள் இறங்கிய வழி

கிணற்றில் தண்ணீரை ஏற்றிய அதே கயிறும் கப்பியும்தான் மேடையில் தேவர்களை இறக்கின.

கிரேக்கர்களிடம் இது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே இருந்தது. கி.மு. 431-ல் அரங்கேறிய யூரிபிடீஸின் 'மீடியா'வில் கதாநாயகி கடைசியில் நாகத்தேரில் ஏறிப் போகிறாள். அதற்கு மெக்கானே என்ற பாரந்தூக்கி. 1640-களில் வெனிஸ் நகரில் ஜாகோமோ டோரெல்லி ஒரு புதிய ஏற்பாட்டைப் பிரபலமாக்கினார்: மேடைக்கு அடியில் எல்லாப் பக்கத்தட்டிகளையும் ஒரே உருளையில் கோத்துவிடுவது. உருளையைச் சுற்றினால் காடு போய் அரண்மனை வந்துவிடும், எல்லாத் தட்டியும் ஒரே சமயத்தில். ஸ்வீடனில் 1766-ல் கட்டப்பட்ட டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கில் அதே வகை மர இயந்திரம் இன்றும் ஓடுகிறது. ஒரு கட்டளைக்குப் பல கயிறு கட்டுப்படுவது கணினியோடு வந்த யோசனை இல்லை.

தமிழ் மேடைக்கு இந்த மோகம் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் ஊர் ஊராகச் சுற்றியபோது வரைந்த திரைகளையும் வியப்புக் காட்சிகளையும் கொண்டு போனார்கள். கூத்தில் வெட்டவெளியும் ஒரு கைத்திரையும் போதும். கம்பெனி நாடகத்துக்குக் கொட்டகை, சீன், படுதா, மேலே உத்தரம், உத்தரத்தில் கயிறு எல்லாம் வேண்டும். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' காட்சி ஜோடனைக்காகவே பேசப்பட்டது. பிறகு நவாப் ராஜமாணிக்கம் வந்தார். 1954-ல் நேஷனல் தியேட்டர்ஸைத் தொடங்கிய ஆர்.எஸ். மனோகர், 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களில் தந்திரக் காட்சிகளை ஊர் ஊராகக் கொண்டு போனார். சினிமா வந்த பிறகும் ஜனங்கள் கொட்டகைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணெதிரே ஓர் ஆள் உண்மையாகவே மேலே போகிறார் என்பது சினிமா தர முடியாத ஒன்று.

இங்கே நிரல் எங்கே இருந்தது? கயிறு இழுப்பவர்கள் கையில். மணியோ விசிலோ கேட்டதும் திரை போகும். ஐரோப்பாவில் அரங்குக்குள் விசில் அடிப்பது அபசகுனம். கப்பல் மாலுமிகள் மேடைக்கயிறு இழுக்க வந்த காலத்தில் விசில்தான் கட்டளை, தப்பான நேரத்தில் அடித்தால் யார் தலையிலாவது ஏதாவது இறங்கிவிடும் என்று காரணம் சொல்வார்கள். நம்ம ஊரில் விசில் பாராட்டு. நல்லவேளை, அந்த மாலுமிகள் நம் கொட்டகைக்கு வரவில்லை.

கயிற்றில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு ஒரு அடையாளம் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். துணியோ டேப்போ. ஆங்கில மேடைக்காரர்கள் அந்த இடத்தை 'டெட்' என்கிறார்கள். இன்றைய மென்பொருளிலும் திரை நிற்க வேண்டிய உயரத்துக்குப் பெயர் 'டெட்'தான். டேப் போய்விட்டது, பெயர் மட்டும் எண்ணுக்கு மாறிவிட்டது.

சத்தி ரோட்டில் கயிறு போன கதை

கணபதி இன்று கோவை மாநகராட்சிக்குள் இருக்கிறது. காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே வந்தால் டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப், மணியகாரம்பாளையம் பிரியும் இடம், அத்திப்பாளையம் பிரிவு. லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்ன ஷெட்களும் நிறைந்த பகுதி. அந்த பஸ் ஸ்டாப்பின் பெயர் ஒரு கம்பெனியின் பெயர். டி. பாலசுந்தரம் நாயுடு நிறுவிய டெக்ஸ்டூல்.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டாரை இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று குறிப்பிடுகிறார்கள். கோவையின் பம்ப்செட் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்கு மின்கம்பி போகப் போக, கவலை ஒவ்வொரு தோட்டமாக நின்றது. கிணறு ஆழமானது. மாடு குறைந்தது. வாரி மேடு மண்ணாய்ப் போனது.

இது முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. விடியுமுன் தொடங்கி மாடும் மனிதனும் படும் பாட்டை அழகான பழமை என்று சொல்வதற்கு அந்த வேலையைச் செய்யாதவராக இருக்க வேண்டும். பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவர்கள் அதிலிருந்து வெளியே வந்ததற்கு மோட்டாரும் ஒரு காரணம். ஆனால் இன்னொன்றும் சேர்ந்தே நடந்தது. கயிறு எப்போது அறுக்கப்போகிறது என்று தெரிந்த கை தேவையற்றதாகிவிட்டது. அந்த அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் போதும். சுவிட்ச் போடுகிறவருக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மேடையிலும் இதே மாற்றம் நடந்தது, வேறு பாதையில். 1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பின் உருவான ஒரு மேடைத் திட்டம் மரத்தையும் சணல் கயிற்றையும் விட்டு, இரும்புக்கும் நீரழுத்த இயந்திரத்துக்கும் போனது. அதற்கு வைத்த பெயர் ஆஸ்ஃபலேயா. கிரேக்கத்தில் பாதுகாப்பு என்று பொருள். 1884-ல் திறந்த புடாபெஸ்ட் ஓபரா அரங்கில் அது வந்தது. பிறகு எதிரெடை, மின்மோட்டார், கடைசியில் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனி சர்வோ மோட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே கணினி. மும்பையில் 2023 மார்ச்சில் திறந்த நீத்தா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தின் இரண்டாயிரம் இருக்கை அரங்கு போன்ற இடங்கள் இந்த வரிசையில் வருகின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவையிலேயே கொஞ்சம் பெரிய கல்யாணம், கம்பெனி விழா என்றால் தலைக்கு மேலே டிரஸ், அதில் எல்இடி திரை, அதைத் தூக்க மோட்டார் வைத்த செயின் ஹாய்ஸ்ட். கீழே சொந்தபந்தமெல்லாம் போட்டோவுக்கு நிற்கிறார்கள். தூக்குவது இப்போது அரங்குக்காரர்களின் விஷயம் மட்டும் இல்லை.

மாதிரிக்குள் என்ன இருக்கிறது

மென்பொருளில் ஒரு ஹாய்ஸ்ட்டை உருவாக்குவது, பார்ப்பதற்கு, ஒரு படிவத்தை நிரப்புவதுதான். முதலில் பெயர். பிறகு எது மேல், எது கீழ். அதாவது எண் கூடினால் ஏறுமா இறங்குமா. சுழியம் எங்கே, பெரும்பாலும் மேடைத்தளம். பிறகு அளவை. மோட்டாரோடு சுற்றும் என்கோடர் எத்தனை சுற்று என்று எண்ணும், மீட்டரில் சொல்லாது. கயிறு சுற்றும் டிரம்மின் விட்டம் 300 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 942 மில்லிமீட்டர் கயிறு. டிரம்மில் பொருத்திய என்கோடர் ஒரு சுற்றை 4096 பங்காக எண்ணினால், ஒரு எண்ணிக்கை கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கயிறு டிரம்மில் ஒரே அடுக்காகச் சுற்றினால் மட்டும்தான் இந்தக் கணக்கு. அடுக்கு மேல் அடுக்கு ஏறினால் விட்டம் கூடும், ஒரு சுற்றுக்கான நீளமும் கூடும்.

அடுத்தது எல்லைகள். மென்பொருள் தானாக நிற்கும் எல்லை, அதைத் தாண்டினால் சுவிட்ச் தட்டும் எல்லை, அதையும் தாண்டினால் மின்சாரத்தையே துண்டிக்கும் எல்லை. பிறகு அதிக வேகம், வேகம் எவ்வளவு சீக்கிரம் கூடலாம் என்ற முடுக்கம், அதிகப் பளு. இவற்றோடு குறைந்த பளு என்றும் ஓர் எண் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எதற்கு என்று கேட்பார்கள். திரை இறங்கும் வழியில் எதிலாவது மாட்டிக்கொண்டால் கயிறு தொய்யும், பளு திடீரென்று குறையும். அப்போது நிறுத்தாவிட்டால் கயிறு அவிழ்ந்துகொண்டே போகும்; மாட்டியது விடுபட்டவுடன் மொத்தமாக விழும். மாட்டைப் பின்னோக்கி ஏற்றும்போது வடத்தைப் பார்த்துக்கொண்ட அந்த ஆள் செய்த வேலை இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இப்படி நிரப்பிய மாதிரியை நிஜ மோட்டார் இல்லாமலேயே ஓட்டலாம். இதன் பயன் பெரிது. ஒரு திரை 8 மீட்டர் ஏற வேண்டும். அதிக வேகம் நொடிக்கு 1 மீட்டர், முடுக்கம் நொடிக்கு நொடி அரை மீட்டர். முதல் 2 நொடியில் 1 மீட்டர் ஏறி முழு வேகத்துக்கு வரும். கடைசி 2 நொடியில் 1 மீட்டர் ஏறி நிற்கும். நடுவில் 6 மீட்டருக்கு 6 நொடி. மொத்தம் 10 நொடி. இயக்குநர், "பாட்டுல ஆறு நொடிதான் இருக்கு" என்கிறார். வேகத்தை மட்டும் கூட்டினால் போதுமா? போதாது. இதே முடுக்கத்தில் எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும், பாதி தூரம் வேகம் கூட்டி மீதி பாதி குறைத்தால்கூட 8 நொடிக்குக் கீழே வராது. பாட்டை மாற்றணும், இல்லாவிட்டால் முடுக்கத்தைக் கூட்டலாமா என்று செட் கட்டியவரையும் கயிற்றில் தொங்கப்போகிறவரையும் கேட்கணும். இந்தப் பேச்சு ஒத்திகைக்கு முன்பே நடந்துவிடுவது மாதிரியின் நன்மை.

இரண்டு கயிற்றுக் கணக்கு

இனி கவலைக்கு நெருக்கமான இடம். 1904-ல் லண்டனில் 'பீட்டர் பான்' மேடையேறியபோது குழந்தைகள் பறந்தார்கள். கம்பியின் மறுமுனையில் ஆட்கள் இழுத்தார்கள். இன்று ஒருவர் மேலும் கீழும் மட்டுமல்லாமல் இடமும் வலமும் பறக்க வேண்டுமானால் இரண்டு வின்ச், இரண்டு கயிறு. இரண்டும் அவர் இடுப்பில் சேரும். மென்பொருளில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கற்பனை ஹாய்ஸ்ட் உருவாக்குவார்கள். இயக்குபவர் கயிற்றைப் பற்றி யோசிக்க மாட்டார். "ஆள் இந்த இடத்துக்குப் போகட்டும்" என்பார். ஒவ்வொரு கணமும் எந்தக் கயிறு எவ்வளவு என்று மென்பொருள் கணக்குப் போடும். கவலையில் நுகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சூத்திரம் இருக்கிறது.

சூத்திரம் பள்ளிக்கூடத்து பிதாகரஸ்தான். இரண்டு கப்பியும் 12 மீட்டர் இடைவெளியில் ஒரே உயரத்தில் இருக்கின்றன. நடுவில், கப்பிகளுக்கு 8 மீட்டர் கீழே ஆள் தொங்குகிறார். கிடையாக 6, செங்குத்தாக 8, எனவே ஒவ்வொரு கயிறும் 10 மீட்டர். அவரை 5.5 மீட்டர் மேலே தூக்குகிறோம். இப்போது செங்குத்து 2.5, கயிறு 6.5 மீட்டர். ஆள் ஏறியது ஐந்தரை, கயிறு சுருண்டது மூன்றரை. கயிற்றின் வேகத்துக்கும் ஆளின் வேகத்துக்கும் நேர் உறவு கிடையாது. இதை மென்பொருள் அழகாகச் சமாளிக்கும். திரையில் பொம்மை நேராக ஏறும்.

திரையில் தெரியாதது இழுவிசை. ஆளும் சேணமும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். கீழே இருக்கும்போது ஒவ்வொரு கயிறும் தாங்குவது 50 கிலோ. மேலே போனதும் ஒவ்வொன்றும் 104 கிலோ. ஆளின் முழு எடையைவிட அதிகம், அதுவும் இரண்டு கயிற்றிலும்! கயிறுகள் கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அந்த எண் எல்லையில்லாமல் கூடும். துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் கொஞ்சம் தொய்யாமல் இருக்காதே, அதே காரணம். வெறும் நீளத்தை மட்டும் கணக்கிடும் மாதிரி, "இன்னும் இரண்டு மீட்டர் ஏறலாம்" என்று தயங்காமல் சொல்லும். அப்போது கயிறு ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது 80 கிலோவின் பல மடங்கு.

ஆக மாதிரி செய்கிறவர் நீளத்துக்கு எல்லை வைத்தால் போதாது. ஆள் எந்த இடத்துக்கெல்லாம் போகக்கூடாது என்று ஒரு பரப்பையே வரைய வேண்டும். இதைப் படிவம் தானாகக் கேட்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. நிஜ ஓட்டத்தில் கணினி சொன்ன இடத்துக்கும் என்கோடர் காட்டும் இடத்துக்கும் எப்போதும் சிறு வித்தியாசம் இருக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் எல்லாம் நிற்கும். மோட்டார் திணறுகிறது, எங்கோ சிக்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. கற்பனை ஓட்டத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுழியம். சொன்ன இடத்தில் சொன்ன நொடியில் நிற்கும். கயிறு நீளாது, கப்பி தேயாது, சிக்காது. ஒரு வாரம் இதையே பார்த்துப் பழகிய கண், நிஜ வின்ச் வந்ததும் அதுவும் அப்படித்தான் என்று நம்பிவிடும்.

2013 ஜூன் 29 அன்று லாஸ் வேகாஸில் சர்க் து சொலேயின் 'கா' நிகழ்ச்சியில், செங்குத்தான சண்டைக் காட்சியின்போது ஒரு கலைஞர் விழுந்து இறந்தார். அவர் மிக வேகமாக மேலேறியபோது கம்பிக்கயிறு கப்பியிலிருந்து விலகி, உராய்ந்து அறுந்தது என்று விசாரணை சொன்னது. உலகத்திலேயே இந்தத் தொழிலில் அனுபவம் மிகுந்தவர்களின் மேடை அது. கயிறு கப்பியில்தான் இருக்கும் என்பது எந்த மாதிரியிலும் எண்ணாக எழுதப்படாத ஓர் அனுமானம். கவலை ஓட்டியவர் அதைச் சத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இழுப்பவரும் நிறுத்துபவரும்

மாசி மாதம் கோவையில் கோனியம்மன் தேர் ஓடும். தேரை இழுப்பது கூட்டம். நிறுத்துவது கூட்டம் அல்ல. சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு சிலர் நடப்பார்கள். அவர்கள் வடத்தைத் தொடுவதில்லை. வேகம் கூடினாலோ தேர் திரும்ப வேண்டி வந்தாலோ கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறவர் கெட்டவர். தேர்த்திருவிழாவில் அவர் இல்லாமல் தேர் நகராது.

மேடை இயந்திரங்களின் பாதுகாப்புக் கோட்பாடும் இதே பிரிவினையில்தான் நிற்கிறது. 2020-ல் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 17206 போன்றவை, ஆளைத் தூக்கும் இயந்திரங்களுக்குக் கடும் பாதுகாப்பு நிலையைக் கேட்கின்றன. நகர்த்தும் கணினி வேறு, நிறுத்தும் சுற்று வேறு. பிரேக் இரண்டு, ஒன்றை நம்பி ஒன்று இல்லை. மின்சாரம் இருந்தால்தான் பிரேக் திறக்கும். கரண்ட் போனால் தானாகப் பிடிக்கும். நிறுத்துவதிலும் வகை உண்டு: உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது ஒன்று, கட்டுப்பாடாக வேகத்தைக் குறைத்து நின்ற பிறகு துண்டிப்பது இன்னொன்று. பறந்துகொண்டிருக்கும் ஆளைத் திடுக்கென்று நிறுத்தினால் அவர் ஊசலாக ஆடிப் போய்ச் செட்டில் மோதலாம். எந்த இடத்தில் எந்த நிறுத்தம் என்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது.

இந்தப் பிரிவினையில் கற்பனை மாதிரி இழுப்பவர் பக்கம் இருக்கிறது. அது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முட்டுக்கட்டைக்காரரின் வேலையைச் செய்யாது. மாதிரியில் ஓடிவிட்டது என்பது நிஜத்தில் ஓட்டலாம் என்பதற்கான அனுமதி ஆகாது. மணல் மூட்டை கட்டி ஓட்டி, எல்லை சுவிட்ச்களைக் கையால் தட்டிப் பார்த்து, பளுவோடு நடுவழியில் நிறுத்திப் பார்த்து, கப்பி கப்பியாக ஏறிக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள்.

எங்கள் தலைமுறைக்கு இது எளிதில் உறைப்பதில்லை. எங்கள் வேலையில் தப்பு நடந்தால் சர்வர் விழும், ஆள் விழ மாட்டார். திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். எண்களை நிரப்பும்போது, காலியாக விடக்கூடாதே என்று ஏதோ ஒரு வழக்கமான எண்ணைப் போடும் பழக்கம் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. முடுக்கத்துக்கு ஓர் எண், குறைந்த பளுவுக்கு ஓர் எண். பொம்மை பறந்துவிடும். படிவத்தைப் பார்த்து எது அளந்த எண், எது நிரப்பிய எண் என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எழுத்துருவில்தான் இருக்கும்.

கவலை நின்றபோது நடந்ததும் அதுதான். மோட்டார் வந்தது சரி. கயிற்றைத் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனதுதான் இழப்பு. அது மறுபடி நடக்காமல் இருக்கப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். மாதிரியில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மூன்று விஷயத்தை எழுதி வைத்தால் போதும்: யார் அளந்தது, எந்த நாளில், எவ்வளவு பளுவில். அளக்காத எண்ணுக்கு நேரே 'அளக்கவில்லை' என்று எழுதலாம். அந்த மூன்று கட்டத்தையும் நிரப்புவதற்கு எஞ்சினியர் நாற்காலியை விட்டு எழுந்து, ஏணியில் ஏறி, கயிற்றைக் கட்டுகிறவரிடம் போய், "அண்ணா, இது எப்படிங்க?" என்று கேட்டாக வேண்டும். அவர் பெயரும் பதிவில் ஏறும். தோல் வாலைத் தைத்தவருக்குக் கிடைக்காத ஒரு வரி அது.